வட்டுக்கோட்டைச் செமினரி: நோக்கமும் விவேகமும்

கல்வி வேறு; அறிவுடைமை வேறு. திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரமும் அறிவுடைமைக்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தமை இவ்வேற்றுமையைக் கருதியே போலும். கிறித்தவ வேதமும் இதனை நன்குணர்த்துகின்றது. சாலமோன் அரசன் இறைவனிடம் வரம் வேண்டியபோது செல்வத்தையோ நீண்ட ஆயுளையோ வேண்டாது, மக்களை நீதியாக ஆளுதற்குரிய விவேகத்தையே வேண்டினான் என்று அது கூறும். ஆகவே, கிறித்தவர் ஒருவர் பாடசாலை நடத்தப் புகுமிடத்து அவர்பால் இரண்டு பண்புகள் எதிர்பார்க்கப்படும். இன்னது வேண்டும் என்னும் உறுதியான நோக்கம் ஒன்று. அந்நோக்கத்தை எம்முறையால், எவ்வளவிற் பெறலாமென ஆராயும் விவேகம் மற்றொன்று. இவ்விரண்டும் ஒத்துச் செல்லுமளவும் பாடசாலை தழைக்கும். ஒன்றை மற்றொன்று கைவிடுமிடத்து நேர்வது யாது? யாழ்ப்பாணத்திலே 1823 முதல் 1855 வரை விளங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகின்றது.

தோற்றமும் திட்டமும்

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை அடைந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தம் பணியைத் தொடங்கினர். முன்னைய ஆட்சியாளர் காலத்தில் வழங்கிப் பின் பாழடைந்து கிடந்த கோயிற் கட்டடங்களே அவர்களுக்கு முதலிருப்பிடமாயின. கிராமந்தோறும் இலவசப் பாடசாலைகள் தோன்றின; அவற்றின் மேலாக, பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிப் பாடசாலைகள் தோன்றின. இவ்விடுதிப் பிள்ளைகளின் செலவை அமெரிக்காவிலுள்ள அன்பர்கள் பொறுத்தனர். பொறுத்தவர்கள் தாம் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கமும் உண்டாயிற்று. சைவப் பெற்றோர் இட்ட பெயரோடு வந்த சிறுவர் ஹென்றி மார்ட்டின் என்றும், நெவின்ஸ் என்றும், கறோல் என்றும் வழங்கப்பட்டனர். உதவியோர் எண்ணம் நல்லதே. எனினும் பிள்ளையின் பெயரையே மாற்றிய அவ்வழக்கத்தில், நோக்கம் விவேகத்தை முந்தி நிற்கக் காண்கின்றோம்.

இப்பாடசாலைகளிற் பயின்று தேறிய மாணவர்க்கு மேற்கல்வி வேண்டியதாயிற்று. அதன்பொருட்டு 1823ஆம் ஆண்டிலே தமிழ் இளைஞர்க்குரிய ஒரு கல்லூரித் திட்டத்தை மிஷனரிமார் வெளியிட்டனர். இங்கிலீசைச் செவ்வையாகக் கற்பித்தல், தமிழிலக்கியத்தைப் பேணி வளர்த்தல், தகுதியுடைய சிலர்க்குச் சமஸ்கிருதம் பயிற்றுதல், மேனாட்டு விஞ்ஞான சாத்திரங்களைப் புகட்டுதல், இவையெல்லாவற்றோடும் கிறித்தவ சமய உண்மைகளை உணர்த்துதல் என்பன அத்திட்டத்தின் உறுப்புக்கள். அந்நாளைய இலங்கைத் துரைத்தனத்தார் அமெரிக்கர்மேல் ஐயங் கொண்டிருந்தனர். புதிய அமெரிக்க மிஷனரிமார் வருதற்கு 1820இல் விதிக்கப்பட்ட தடை 1833 வரை நீங்கவில்லை. கல்லூரி என்னும் பெயருக்கும் அவர்கள் இசைவு கொடாமையால், அது செமினரி என்னும் பெயரோடே வட்டுக்கோட்டையில் ஆரம்பமாயிற்று. அதன் முதலதிபர் தானியேல் பூவர்.

இத்திட்டத்தின் உள்ளே இரண்டு நோக்கங்கள் அடங்கியிருந்தமை கவனிக்கத்தக்கது. சுதேச போதகரையும் உபதேசிமாரையும் ஆக்குதல் ஒன்று. ஒரு சமுதாயத்துக்கு வேண்டிய முழுக் கல்வியையும் வழங்குதல் மற்றொன்று. முதலாவதை அடைதற்கு இரண்டாவதே வழி என்று பூவரும் அவர் துணைவரும் உறுதியாக நம்பினர். உண்மை எங்கிருப்பினும் ஒன்றேயாதலின், கணிதமும் வானசாத்திரமும் கற்றவன் முடிவிற் கிறித்தவத்தையே தழுவுவான் என்பது அவர்தம் துணிபு. செமினரியின் பெருமைக்கும் அதன் முடிவுக்கும் இத்துணிபே காரணமாயிற்று.

கற்பித்தலும் அதன் விளைவும்

செமினரியிற் பாடத்திட்டம் பரந்து கிடந்தது. தமிழிலக்கண இலக்கியம், ஆங்கிலம், தருக்கம், கணிதம், வானசாத்திரம், பௌதிகம் முதலியன ஒருங்கே கற்பிக்கப்பட்டன. இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் எமேசன் ரெனன்ற், 1850இல் வெளிவந்த தமது நூலில், இச்செமினரியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பவைத்துப் பாராட்டியுள்ளார். பனங்கூடல் சூழ்ந்த ஒரு கிராமத்திலே இது நிகழ்ந்ததென்பது நினைக்குந்தோறும் வியப்புத் தருவதொன்று.

கற்பிக்கும் முறையை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். 1829ஆம் ஆண்டிலே சந்திர கிரகணம் ஒன்று நேர்ந்தது. ஊர்ப் பஞ்சாங்கக் கணிப்புக்கும் மேனாட்டுக் கணிப்புக்கும் இடையே வேறுபாடு காணப்பட்டது. பூவர் இவ்வேறுபாட்டை முன்னரே எடுத்துக்காட்டி, எது பொருந்துமென்பதைக் கண்ணாற் கண்டு தெளியுமாறு விட்டார். மேனாட்டுக் கணிப்பே பொருந்தியது. இதனாற் பஞ்சாங்கத்தின்மேல் உள்ள நம்பிக்கை தளரும், அதனோடு சைவ புராணங்களின்மேல் உள்ள நம்பிக்கையும் தளரும் என்று பூவர் எதிர்பார்த்தார்.

ஆயின் மாணவர் உள்ளத்திற் பதிந்தது அதனினும் பெரியதொரு பாடம். எந்நூலின் கூற்றையும் சான்றுகொண்டு சோதிக்கலாம் என்பதே அது. அவ்வளவுகோல் ஒருமுறை கைக்கு வந்துவிட்டால், அதனைப் பிறர் நூலுக்கு மட்டுமே பயன்படுத்துக என்று எவரும் வரையறை செய்தல் இயலாது. யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் விவிலியத்தையும் அவ்வளவுகோல்கொண்டே ஆராயலாயினர். ஆறுமுகநாவலர் 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம், சைவக் கிரியைகளை இகழ்ந்தோர்க்கு அவர்தம் வேதத்திற் கூறப்படும் ஆலய வழிபாட்டையே காட்டி விடையிறுத்தது.

நாவலர் செமினரி மாணவரல்லர். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார் நடத்திய யாழ்ப்பாணப் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்து, விவிலிய மொழிபெயர்ப்பிற் பாதிரியாருக்குத் துணைபுரிந்தவர். தாம் சைவராகவே நின்று அப்பணியைச் செய்தார் என்பதும், அதனை அறிந்தே பாதிரியார் அவரை வைத்திருந்தார் என்பதும் இருவர்க்கும் பெருமை தருவன. 1848ஆம் ஆண்டிலே நாவலர் அப்பணியைத் துறந்து வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வகுப்பு முறை, படிமுறைப் பாலபாடம், அச்சியந்திரம், மேடைப் பிரசங்கம் ஆகிய மிஷனரிமாரின் கருவிகள் யாவும் சைவத்தின் கருவிகளாயின. கற்பித்தவர் கருதிய பயன் ஒன்று; கற்றவர் கொண்ட பயன் வேறொன்று.

செமினரியின் அதிபரிடத்தும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. பூவர் மதுரைக்குச் சென்றபின் 1836ஆம் ஆண்டளவிற் பொறுப்பேற்ற ஹொய்சிங்ரன், சைவசித்தாந்தத்தை மறுக்க வேண்டின் முதலில் அதனைக் கற்க வேண்டும் என உணர்ந்தார். கற்றார், தத்துவக்கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் ஆகியவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்தார். அப்பெயர்ப்பு 1854இல் அமெரிக்காவிலே வெளியாயிற்று. மறுத்தற்கென எடுத்த நூலே மேனாட்டார்க்குச் சித்தாந்தத்தை அறிமுகஞ் செய்யும் நூலாயிற்று. எதிர்ப்பக்கத்தின் கருத்தை அதன் சொற்களிலேயே அறிந்தாலன்றி அதனோடு வாதிடலாகாது என்னும் இந்நேர்மை விவேகத்தின்பாற்பட்டது. தலைமை தாங்குவோர்க்கு இது இன்றியமையாதது.

1855ஆம் ஆண்டுத் தீர்ப்பு

செமினரியிற் கற்றுத் தேறியவர்கள் உபதேசிமாராயினர், ஆசிரியராயினர், கச்சேரிகளிலும் நீதிமன்றங்களிலும் உத்தியோகம் பெற்றனர், கடல் கடந்து தென்னிந்தியாவுக்கும் சென்றனர். 1841இல் உதயதாரகை பத்திரிகை தொடங்கியபோது அதன் ஆசிரியராய் விளங்கிய ஹென்றி மார்ட்டினும் செத் பேசனும் செமினரியிற் பயின்றவர்களே. கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதத்தைத் தமிழிலே தந்தார். ஆனால் கிராமச் சபைகளிற் சிறு வேதனத்துக்குப் போதகராயிருக்க முன்வந்தோர் தொகை மிஷனரிமார் எதிர்பார்த்த அளவினதாயில்லை. ஞானஸ்நானம் பெற்றோருள்ளும் பலர் பின்னர்ச் சைவத்துக்கு மீண்டனர்.

அமெரிக்க மிஷன் தலைமைச் சபையின் செயலாளர் ரூபஸ் அன்டர்சன் 1854, 1855ஆம் ஆண்டுகளில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து மிஷன் பணிகளை ஆராய்ந்தார். ஒரு நாட்டுத் திருச்சபை தன்னைத் தானே ஆளவும், தானே தாங்கவும், தானே பரப்பவும் வல்லதாக வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்கு வேண்டியவர் ஊரோடு ஒட்டி வாழும் சுதேச குருமார். அவர்க்கு வேண்டியது தாய்மொழிக் கல்வி. ஆங்கிலக் கல்வியோ மாணவரை ஊரினின்றும் பிரித்து உத்தியோகத்துக்கு அனுப்புகின்றது. மிஷனுக்கென அன்பர் கொடுத்த பணம் துரைத்தனத்துக்கு எழுதுவினைஞரை ஆக்குதற்குச் செலவாகின்றது. இவ்வாறு அவர் கணக்கிட்டார். 1855இற் செமினரி மூடப்பட்டது. அதன் முதலதிபரான பூவர் மதுரையினின்றும் முன்னரே மீண்டிருந்தவர், அதே ஆண்டில் வாந்திபேதி நோயால் மானிப்பாயிற் காலமானார்.

அன்டர்சனைக் குறைகூறுதல் எளிது. எனினும் அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆங்கிலங் கற்றவன் கிராமத்தை விட்டு நீங்குகின்றான் என்பது மெய். சுதேசிகளைக் காலமெல்லாம் உதவியாளராக வைத்திருத்தல் தகாது, பொறுப்பை அவரிடமே ஒப்புவித்தல் வேண்டும் என்று அவர் கூறியது அக்காலத்து ஐரோப்பியர் பலர்க்குத் தோன்றாத கருத்து. தாய்மொழியே கல்விக்குரிய மொழி என்பதும் பிற்காலத்தார் ஏற்றுக்கொண்ட கொள்கையே. மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்த டாக்டர் சாமுவேல் கிறீன் இக்கொள்கையை விவேகத்தோடு நிறைவேற்றிக் காட்டினார். மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழிற் பெயர்த்து, தமிழிலேயே கற்பித்து, தம் காலத்தில் 60க்கு மேற்பட்ட வைத்தியரைப் பயிற்றினார். கிறீன் தாய்மொழியைக் கொண்டு கல்வியை மேலுயர்த்தினார். அன்டர்சனோ தாய்மொழியின் பெயரால் உயர்கல்வியின் வாயிலை அடைத்தார். கொள்கை ஒன்றாயினும் அதனைக் கையாண்ட விவேகம் வேறு.

அன்டர்சனின் பிழை கொள்கையில் இல்லை, அளவுகோலில் உள்ளது. பாடசாலை தனக்கென எத்தனை பேரைத் திரும்பப் பெற்றது என்று அவர் எண்ணினார். பாடசாலையினின்றும் சென்றவர் என்ன ஆயினர் என்று அவர் எண்ணவில்லை.

இவ்வழக்கு யாழ்ப்பாணத்தோடு அடங்கியதன்று. 1830இற் கல்கத்தாவிலே அலெக்சாந்தர் டஃப், ராஜாராம் மோகன்ராயின் துணையோடு ஆங்கில வாயிலான உயர்கல்வியைத் தொடங்கினார். 1862இற் சென்னைக்கு வந்து கிறித்தவக் கல்லூரியை நெடுங்காலம் வழிநடத்திய வில்லியம் மில்லர், கல்லூரியின் பயனை மதம் மாறியோர் தொகைகொண்டு அளத்தல் ஆகாது, சமுதாயத்தின் சிந்தனையிற் படிப்படியாகப் பரவும் செல்வாக்கையே கருதல் வேண்டும் என வாதாடினார். அன்டர்சன் எடுத்த வினாவை ஒவ்வொரு கிறித்தவக் கல்லூரித் தலைவரும் தமக்குத் தாமே எழுப்பி விடைகாண வேண்டியிருந்தது.

மூடிய பின்னர் விளைந்தவை

செமினரி மூடி இரண்டு ஆண்டுகளில், 1857இலே, சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதற் பி.ஏ. பட்டதாரிகளாய்த் தேறிய இருவரும் செமினரியிற் கற்றவர்கள்: ஒருவர் முற்கூறிய விசுவநாதபிள்ளை, மற்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. பிள்ளையவர்கள் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்து, பின் சைவத்தைத் தழுவியவர். அன்டர்சன் கணக்கில் அவர் ஓர் இழப்பு. தமிழின் கணக்கிலோ? செல்லரித்த ஏடுகளைத் தேடி, பாடம் ஒப்புநோக்கி, தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் வீரசோழியத்தையும் இறையனார் அகப்பொருளையும் கலித்தொகையையும் அச்சேற்றியவர் அவர். 1887இல் அவர் வெளியிட்ட கலித்தொகைப் பதிப்பு, சங்க நூல்கள் அச்சுவாகனம் ஏறிய வரலாற்றிற் சிறப்பிடம் பெறுவது. ஏடுகளை ஒப்புநோக்கிச் சான்றுகொண்டு பாடத்தைத் துணியும் அம்முறைக்கு, செமினரி பயிற்றிய ஆராய்ச்சி மனமும் ஓர் ஆதாரம் என்பது மிகையன்று.

செமினரியின் வாயில் அடைத்ததை யாழ்ப்பாணத்தார் ஏற்று வாளாவிருக்கவில்லை. பழைய மாணவரும் ஊரவரும் உயர்கல்வி வேண்டுமென முயன்றனர், பொருளும் உதவினர். அதன் பயனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வட்டுக்கோட்டையிலே தோன்றிற்று. ஈ. பி. ஹேஸ்ரிங்ஸ் அதன் முதலதிபராயினார். தலைமைச் சபை வேண்டாமென நிறுத்தியதை மாணவர் வேண்டுமென மீட்டனர். திருச்சபை தானே தாங்கித் தானே ஆளவேண்டுமென அன்டர்சன் விரும்பினார் அன்றோ? அந்தத் தன்னிலை உணர்ச்சியைச் செமினரி முன்னரே உண்டாக்கியிருந்தது. அவர் எதிர்பார்த்த இடத்தில் அது தோன்றவில்லை, அவ்வளவே.

இன்னுமொன்று கருதத்தக்கது. செமினரியிற் கற்று அங்கேயே ஆசிரியராயிருந்தவர் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. தமிழில் நியாய இலக்கணம் எழுதியவர். 1880களில் அவர் யாழ்ப்பாண நகரிலே தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையே, பின்னர் 1890இற் சைவபரிபாலன சபையார் கையேற்று வளர்க்க, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாய் மலர்ந்தது. அவர் மைந்தர் நெவின்ஸ் செல்வதுரை அதன் அதிபராய்ப் பல்லாண்டு தொண்டாற்றினார். அமெரிக்க அன்பர் தாம் இட்ட பெயரால் ஒரு யாழ்ப்பாணச் சிறுவனைப் படிப்பித்தார். அப்பெயரே ஓர் இந்துக் கல்லூரியின் தொடக்க வரலாற்றிற் பொறிக்கப்பட்டு நிற்கின்றது. கொடுத்தவர் இதனைக் கனவிலும் கருதியிருத்தல் இயலாது. ஆயினும் கொடை வீண்போகவில்லை.

செமினரியின் குறைகளையும் மறைத்தலாகாது. அதன் மாணவருட் பெரும்பாலோர் வேளாளர் குலத்தவர். சமத்துவம் போதித்த அந்நிலையம் சாதிக் கட்டுப்பாட்டை முற்றாக நீக்க வல்லதாயிருக்கவில்லை. நாட்டுச் சமயத்தை இகழ்ந்துரைத்த கடுமொழிகள் தேவையற்ற மனப்புண்களை உண்டாக்கின. இவ்விடங்களிலெல்லாம் நோக்கத்துக்குக் குறைவில்லை, விவேகமே குறைந்தது.

தலைமைக்கு ஒரு படிப்பினை

இவ்வரலாறு கிறித்தவப் பாடசாலைகளுக்கு மட்டும் உரியதன்று. செமினரியின் விளைவாகவும் அதற்கு மறுமொழியாகவும் தோன்றிய சைவ வித்தியாசாலைகளும் நோக்கங்கொண்டு எழுந்தவையே. சைவப் பிள்ளை சைவச் சூழலிற் கற்றல் வேண்டும் என்பது அந்நோக்கம். அது நேரியது, அக்காலத்துக்கு இன்றியமையாதது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, இந்து மன்றங்களும் கிறித்தவ மிஷன்களும் ஒருங்கே பெரும்பாலான தம் பாடசாலைகளின் நிருவாகத்தை இழந்தன. நிறுவியவர் கையினின்றும் நிறுவனம் நீங்கியபின் எஞ்சுவது யாது என்னும் வினா அன்று இரு சாராருக்கும் பொதுவாயிற்று.

எஞ்சுவது மாணவனே. அவன் நோக்கத்தின் கருவி அல்லன். பாடசாலைத் தலைவன் தன் நோக்கத்தை மறைத்தல் வேண்டுவதில்லை. நோக்கமில்லாத கல்வி திசையறியாத ஓடம் போல்வது. பூவருக்கும் ஹொய்சிங்ரனுக்கும் அத்துணை உறுதியான நோக்கம் இல்லையெனின், கடல் கடந்து வந்து அத்தகைய கலாசாலையைக் கட்டியெழுப்பியிருத்தல் இயலாது. ஆனால், தந்த கல்வியை முதலெனக் கருதி, அதற்கு வட்டியாக மாணவனின் வாழ்வைக் கேட்கும் உரிமை எத்தலைவனுக்கும் இல்லை. சிந்திக்கக் கற்பித்தபின், இன்னவாறே சிந்திக்க எனக் கட்டளையிடல் முரணாகும். மாணவன் ஆசிரியனைக் கடந்து செல்லும்போது அதனைத் தோல்வியெனக் கருதாது தன் பணியின் நிறைவெனக் கொள்ளவல்ல உள்ளமே விவேகமுள்ள தலைமை.

முப்பத்திரண்டு ஆண்டுகளே நிலவிய ஒரு செமினரியைத் தோல்வியென முடிவுகட்டி மூடினர். அதனை மூடியவர் காலத்துக்குப் பின்னும், அதன் மாணவர் தொடுத்த அகராதிகளும் பதிப்பித்த நூல்களும் தொடங்கிய பாடசாலைகளும் தமிழுலகுக்குப் பயன்படலாயின. பனைவிதையை நட்டவன் அதன் நுங்கை உண்பது அரிது. அதனை அறிந்தே நம் முன்னோர் பனைவிதை நட்டனர். கல்விச்சாலை நடத்துவோர்க்கு வேண்டிய நோக்கமும் விவேகமும் அச்செயலிலேயே அடங்கியுள்ளன.